கறுப்புத் திரையில் நான்கு கட்டளைகள்

எழுத்து வேறு, அதைத் தாங்கி நிற்கும் பொருள் வேறு. கல், செப்பேடு, ஓலை, தாள் என்று தாங்கும் பொருள் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. ஓலையைச் செல் அரிக்கும் என்று அறிந்திருந்த நம் முன்னோர் அதைப் படியெடுத்துக்கொண்டே இருந்தனர். படியெடுப்பார் இருந்தவரை நூல் வாழ்ந்தது, இல்லாதபோது மறைந்தது. இன்று நம் எழுத்தைப் பெரும்பாலும் இணையம் தாங்குகிறது. இணையத்தைச் செல் அரிப்பதில்லை. ஆனால் அதில் ஏறிய எழுத்துக்கு அழிவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

எங்கள் வரலாற்றுத் துறைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இணையதளம் இருந்தது. மூத்த மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று எழுதிய கள ஆய்வுக் கட்டுரைகளை அதில் வெளியிட்டு வந்தனர். தளத்திற்கு இடம் கொடுத்த நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்தி வந்த அண்ணன்மார்கள் படிப்பு முடித்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு தளமும் சென்றது. கட்டுரைகள் அனைத்தும் அந்த நிறுவனத்தின் கணிப்பொறியில், ஒரு தரவுத்தளத்துக்குள் இருந்தன. துறையில் படி இல்லை. நம் நூலகத்தில் பழைய ஆண்டு மலர்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைவிட இளைய அந்தக் கட்டுரைகள் இல்லை!

இந்த நிகழ்ச்சியைக் கேள்விப்பட்ட நாளில் என்னிடமும் ஒரு சிறு தொகுப்பு இருந்தது. அது கமலை இறைத்த காலத்துச் சொற்களின் தொகுப்பு. என் தாத்தா இளமையில் கமலை ஓட்டியவர். மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, கிணற்றுக்குள்ளிருந்து சால் நீரோடு மேலே வரும். சாலின் அடியில் தோலாலான தும்பி. அதன் வாயைப் பிடித்திருக்கும் வால்கயிறு. வடம் ஓடுவதற்கு உருளை. பம்புசெட்டு வந்தபின் இந்தப் பொருள்கள் போயின. பொருள் போனபின் சொல் எத்தனை நாள் நிற்கும்? விடுமுறை நாள்களில் தாத்தா சொல்லச் சொல்ல 64 சொற்களை விளக்கத்தோடு எழுதி வைத்திருந்தேன். அவற்றை எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். நான் இந்தக் கல்லூரியை விட்டுப் போனபின்னும் அவை இருக்க வேண்டும். கட்டணம் என்று ஒன்று இருக்கக் கூடாது. இப்படி மூன்று நிபந்தனைகளுடன் கணிப்பொறி அறிவியல் துறை நண்பனிடம் போனேன். அவன் ஒரே ஒரு சொல் சொன்னான்: ‘ஹ்யூகோ’.

தோசையும் கட்டுச்சோறும்

ஹ்யூகோ என்பது என்ன? அதை அறிய இணையத்தின் தொடக்கத்தைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989இல் உலகளாவிய வலை என்னும் கருத்தை முன்வைத்தார். 1991இல் அது வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அக்காலத்து வலைப்பக்கம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். வாசகர் கேட்டார், கணிப்பொறி எடுத்துக் கொடுத்தது. பின்னர் வேறொரு முறை வளர்ந்தது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இம்முறையில் பக்கம் என்று ஒன்று முன்கூட்டியே இருப்பதில்லை. வாசகர் கேட்ட பிறகு ஒரு நிரல் விழித்தெழுந்து, தரவுத்தளத்திலிருந்து எழுத்தை எடுத்து, பக்கத்தை அப்போதே கட்டிக் கொடுக்கிறது.

முதல் முறை கட்டுச்சோறு. இரண்டாம் முறை கேட்டபின் வார்க்கும் தோசை. தோசை சுவையானதுதான். ஆனால் அதற்கு அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மாவு புளிக்காமல் இருக்க வேண்டும். வார்ப்பவர் எந்நேரமும் நிற்க வேண்டும். கட்டுச்சோற்றுக்கு அடுப்பு வேண்டாம். அதை எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லலாம். எந்த மரத்தடியிலும் பிரிக்கலாம். நாள்தோறும் மாறும் கணக்குகளுக்கும் கடைகளுக்கும் தோசை முறை தேவை. 64 சொற்களுக்கு விளக்கம் தரும் ஒரு தளத்திற்கு அது எதற்கு?

ஆனால் கட்டுச்சோற்று முறையிலும் ஒரு தொல்லை உண்டு. 64 பக்கங்களிலும் ஒரே தலைப்பு, ஒரே அடிக்குறிப்பு, ஒரே அமைப்பு வேண்டும். தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் 64 கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டும். இத்தொல்லையைத் தீர்க்க வந்தவையே நிலைத்தள உருவாக்கிகள். எழுத்தைத் தனியே வைத்துக்கொள். பக்கத்தின் சட்டத்தைத் தனியே வைத்துக்கொள். இரண்டையும் பொருத்திப் பக்கங்களை ஆக்கித் தருகிறேன் என்பதே அவற்றின் வேலை. டாம் பிரெஸ்டன் வெர்னர் 2008இல் வெளியிட்ட ஜெக்கில் இவ்வகையில் பெயர்பெற்றது. ஸ்டீவ் ஃபிரான்சியா 2013இல் தொடங்கியது ஹ்யூகோ. கூகுள் நிறுவனத்தில் உருவான ‘கோ’ என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது இது. முழு நிரலும் ஒரே கோப்பு. அதை இயக்க வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. என் அக்கா பள்ளியில் படித்தபோது அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில்தான் நான் இதை இயக்குகிறேன். அது இன்று பல வேலைகளுக்குத் திணறுகிறது, இதற்குத் திணறவில்லை.

கட்டளை என்னும் மொழி

ஹ்யூகோவைத் தொட்டுத் தொட்டு இயக்க முடியாது. அதற்குப் பொத்தான்கள் இல்லை, படங்கள் இல்லை. டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையை எழுத்தால் அடிக்க வேண்டும். திரைப்படங்களில் வங்கியைக் கொள்ளையடிப்பவர்கள் பயன்படுத்தும் திரை என்றுதான் அதுவரை அதை நான் அறிந்திருந்தேன்! கலைப்பிரிவு மாணவனுக்கு இது எதற்கு என்று கேட்ட நண்பர்களும் உண்டு. ஆனால் எண்ணிப் பாருங்கள்: படத்தைத் தொடுவதைவிடச் சொல்லை எழுதுவதல்லவா கலைப்பிரிவு மாணவனுக்கு நெருக்கமானது?

வேண்டிய கட்டளைகள் நான்கு. இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலாவது, ‘ஹ்யூகோ நியூ சைட் கமலை’. இதை அடித்ததும் கமலை என்ற பெயரில் ஒரு கோப்புறை பிறக்கிறது. அதற்குள் எழுத்துக்கு ஓர் அறை, பக்கச் சட்டங்களுக்கு ஓர் அறை, படங்களுக்கு ஓர் அறை என்று தனித்தனி அறைகள் அமைந்துவிடுகின்றன. வீடு கட்டி முடிந்தது, குடிபுக வேண்டியதுதான்.

இரண்டாவது, ‘ஹ்யூகோ நியூ கன்டென்ட்’ என்று அடித்து, அதையடுத்துக் கோப்பின் பெயர். புதிய பக்கத்திற்கான கோப்பு உண்டாகிறது. கோப்பின் தலையில் மூன்று கூட்டல் குறிகளுக்கு இடையே தலைப்பும் நாளும் எழுதப்பட்டிருக்கும். கூடவே ‘டிராஃப்ட்’ என்ற ஒரு குறிப்பும் இருக்கும். இது வரைவுதான், இன்னும் வெளியிடத் தக்கதன்று என்பது அதன் பொருள். அந்தக் குறிப்பை நாம் மாற்றும்வரை ஹ்யூகோ அந்தப் பக்கத்தை வெளியே விடாது. கட்டுரையை எழுதிச் சில நாள் ஊறப்போட்டுப் பின்னர்த் திருத்தும் பழக்கமுள்ளவர்களுக்கு இது நல்ல காவல்.

உள்ளே எழுதும் முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். ஜான் குரூபர் 2004இல் வெளியிட்டது. வரியின் தொடக்கத்தில் ஒரு சதுரக் குறி இட்டால் தலைப்பு. சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு உடுக்குறி இட்டால் தடித்த எழுத்து. இதன் சிறப்பு என்னவென்றால், எந்த நிரலும் இல்லாமல் அந்தக் கோப்பை அப்படியே திறந்தாலும் மனிதன் படிக்கலாம்.

மூன்றாவது, ‘ஹ்யூகோ சர்வர்’. இது அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பதைப் போன்றது. நம் மடிக்கணினியே தற்காலிகமாக ஒரு தளமாகிவிடுகிறது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற முகவரியில், 1313 என்ற எண் கொண்ட வாயிலில் அதைப் பார்க்கலாம். கோப்பில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தால் திரையில் பக்கமும் உடனே மாறுகிறது. வரைவுகளையும் பார்க்க விரும்பினால் கட்டளையின் இறுதியில் ஒரு சிறு கோடும் ‘டி’ என்ற பெரிய எழுத்தும் சேர்க்க வேண்டும். இதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. அலைபேசியில் அன்றைய டேட்டா தீர்ந்துபோன இரவுகளில்தான் என் வேலை பெரும்பாலும் நடந்தது.

நான்காவது, வெறும் ‘ஹ்யூகோ’. ஒரே சொல். சொற்களும் சட்டங்களும் பொருந்திப் பக்கங்கள் ஆகிவிடுகின்றன. எத்தனை பக்கம், எவ்வளவு நேரம் என்று ஒரு சிறு கணக்கையும் அது காட்டுகிறது. என் பக்கங்கள் அனைத்துக்கும் ஒரு விநாடிகூட ஆகவில்லை. முதன்முதலில் இதைக் கண்டபோது ஏதும் நடக்கவில்லையோ என்று ஐயுற்றுக் கோப்புறையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். அத்தனை பக்கங்களும் இருந்தன.

ஆன பக்கங்களை உலகுக்கு அனுப்ப ‘கிட்’ என்னும் மற்றொரு கருவி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் படைத்தது. எந்த நாளில் எவர் எந்த வரியை மாற்றினார் என்று அது பதிவேடு வைத்துக்கொள்கிறது. கிட்ஹப் என்னும் நிறுவனம் இத்தகைய நிலைத்தளங்களுக்குக் கட்டணமின்றி இடம் தருகிறது. வாசகர் கேட்கும்போதெல்லாம் நிரலை இயக்க வேண்டாம், கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும் என்பதால் இத்தளங்களைத் தாங்கும் செலவு மிகக் குறைவு. என் மூன்று நிபந்தனைகளில் ஒன்று இவ்வாறு நிறைவேறியது.

தமிழ் எழுதும்போது

தமிழில் எழுதுவோர் அறிய வேண்டிய சில செய்திகள் உண்டு.

ஒருங்குறி வருவதற்கு முன் தமிழுக்குப் பல எழுத்துக் குறியேற்றங்கள் இருந்தன. ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழ்99 விசைப்பலகையில் ஒருங்குறியாக அடித்த எழுத்தை ஹ்யூகோ எந்தத் தடையுமின்றி ஏற்கிறது. டெர்மினல் திரையில் மட்டும் பல கணிப்பொறிகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். அஞ்ச வேண்டாம், கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும்.

கோப்புக்குத் தமிழில் பெயரிடலாமா? இடலாம். ஆனால் அந்தப் பெயரே பக்கத்தின் முகவரியும் ஆகிறது. முகவரியைப் படியெடுத்துப் பிறருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக 9 குறிகளாக விரிகிறது. ‘கமலை’ என்னும் சொல்லில் கணிப்பொறிக்கு நான்கு குறிகள். ஐகாரக் குறி தனிக் கணக்கு. ஆக மூன்றெழுத்துச் சொல் 36 குறிகளாக நீள்கிறது! ஆகவே கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும் தலைப்பைத் தமிழிலும் வைத்தேன்.

மற்றொன்று அகரவரிசை. ஒருங்குறியில் எழுத்துகள் நிற்கும் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த வரிசை. அதில் நகரத்திற்கு அடுத்தே றன்னகரம் வந்துவிடுகிறது. நம் அகராதியில் ‘கமலை, கயிறு, கன்று’ என்பது முறை. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘கன்று, கமலை, கயிறு’ என்றாகிவிடும். ஹ்யூகோவில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ‘வெயிட்’ என்று ஓர் எண் கொடுக்கலாம். சிறிய எண் முன்னே நிற்கும். ஒரு மாலைப்பொழுது செலவிட்டு 64 சொற்களுக்கும் எண் கொடுத்தேன். தொல்காப்பியர் வழிவந்த வரிசையைக் காக்க ஒரு மாலைப்பொழுது செலவிடலாகாதா?

தாத்தாவின் கேள்வி

தளம் உருவான பின் ஊருக்குச் சென்று தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வால்கயிறு வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

“வால்கயிறுன்னு போட்டிருக்க, சரிதான்யா. தும்பிக்கயிறுன்னும் சொல்லுவோம். அதையும் போட்டுரு.”

அவர் எதிரிலேயே கோப்பைத் திறந்து சொல்லைச் சேர்த்தேன். ஹ்யூகோ என்று அடித்தேன், அனுப்பினேன். சிறிது நேரத்தில் என் அலைபேசியில் தும்பிக்கயிறு வந்துவிட்டது. அதைக் காட்டினேன். அவருக்கு வியப்பு உண்டாகும் என்று எண்ணினேன். அவரோ வேறொன்றைக் கேட்டார்.

“இத யாருய்யா வச்சிருக்கா?”

“நாந்தான் தாத்தா வச்சிருக்கேன்.”

“நீ வேலைக்குப் போயிட்டா?”

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. துறையின் பழைய தளத்தை நடத்திய அண்ணன்மார்களும் இப்படித்தானே வேலைக்குப் போனார்கள்?

கைமாறத் தக்கது எது?

ஊரிலிருந்து திரும்பிய பேருந்துப் பயணம் முழுவதும் இந்தக் கேள்வியே உடன் வந்தது. அப்போதுதான் கட்டளைகளின் ஓர் இயல்பு எனக்குப் புலப்பட்டது. திரையில் இங்கே தொடு, அங்கே இழு, மேலே மூன்றாவது படத்தை அழுத்து என்று ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு அந்தப் படம் இடம் மாறிவிடும். சொல்லிக் கொடுத்தது வீணாகிவிடும். கட்டளையோ ஒரு சொற்றொடர். சொற்றொடரைத் தாளில் எழுதலாம். எழுதியதை மற்றவர் பார்த்து அப்படியே அடிக்கலாம். ஆக்குவதற்கு நான்கு, அனுப்புவதற்கு மூன்று, ஆக ஏழு வரிகளை ஒரு தாளில் எழுதித் துறையின் அறிவிப்புப் பலகைக்கு அருகே ஒட்டினேன்.

அதைவிட முதன்மையானது மூலம் எங்கே இருக்கிறது என்பது. இணையத்தில் தெரியும் பக்கங்கள் அச்சடித்த படிகளைப் போன்றவைதாம். மூலம் என் கோப்புறையில் இருக்கிறது. அதன் மறுபடி துறைக் கணிப்பொறியில் இருக்கிறது. மற்றொன்று பென் டிரைவில் இருக்கிறது. இலவசமாக இடம் தரும் நிறுவனம் நாளை தன் மனத்தை மாற்றிக்கொள்ளலாம். 2009இல் ஜியோசிட்டீஸ் என்னும் சேவை அமெரிக்காவில் மூடப்பட்டபோது எண்ணற்ற தனியார் பக்கங்கள் ஒரே நாளில் இடம் இழந்தன. அப்படியொரு நாள் வந்தாலும் கோப்புறையை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்திற்குப் போகலாம். ஒரே கட்டளை, மீண்டும் தளம். இதுவே பழைய ஏட்டுப் படியெடுப்பு. படியெடுக்கும் கைக்குப் பதிலாக ஒரு கட்டளை, அவ்வளவே வேறுபாடு.

குறைகள் இல்லையா? உண்டு. வாசகர் கருத்து எழுதவும், தளத்துக்குள் தேடவும் வேறு ஏற்பாடுகள் வேண்டும். ஹ்யூகோவும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு சில விதிகள் மாறுகின்றன. அமைப்புக் கோப்பின் பெயரே 2023இல் மாறியது. பழைய பெயரையும் ஏற்கிறார்கள் என்பது ஆறுதல். பிறர் செய்த அழகிய வடிவமைப்புகளை எடுத்துக்கொண்டால் அவையும் ஒரு நாள் பழுதுபடலாம். ஆகவே நானே எளிய சட்டங்கள் இரண்டு எழுதிக்கொண்டேன்: சொல்லுக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று. பார்ப்பதற்கு அழகில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். படிப்பதற்குத் தடையில்லை என்று நான் சொல்கிறேன். மேலும், இன்று நான் பயன்படுத்தும் ஹ்யூகோ நிரலையே பென் டிரைவில் எழுத்துகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். சோற்று மூட்டையோடு பானையையும் கட்டிவைத்தாற்போல! இவை எல்லாம் தவறினாலும் மார்க்டவுன் கோப்புகள் இருக்கும். அவற்றைத் திறந்து படிக்க, தமிழ் தெரிந்தால் போதும்.

நிலைத்தளம் என்ற பெயரைக் கேட்டு, அது தானாக நிலைத்துவிடும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பக்கம் அசையாது என்பதுதான் அப்பெயரின் பொருள். நிலைக்கச் செய்வது அதைக் கைமாற்றிக் கொள்ளும் மனிதர்களே. கருவி செய்யும் உதவி ஒன்றுதான்: கைமாற்றுவதை எளிதாக்குகிறது. ஒரு கோப்புறையும் ஏழு வரிகளும் கைமாறினால் போதும்.

அறிவிப்புப் பலகைத் தாளைப் பார்த்து, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி சென்ற மாதம் துறைக் கணிப்பொறியின் முன் அமர்ந்தாள். நான் பக்கத்தில் இல்லை. மாலையில் போய்ப் பார்த்தபோது பட்டியலில் ‘திருகை’ என்று ஒரு புதிய சொல் இருந்தது. மண்பாண்டம் வனையும் சக்கரத்திற்கு அவள் வீட்டில் வழங்கும் பெயராம். இன்னும் பதினொரு சொற்கள் வரைவாக இருக்கின்றன; அப்பத்தாவிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் வரைவுக் குறியை நீக்குவேன் என்கிறாள்.

வரும் ஏப்ரலில் நான் இக்கல்லூரியை விட்டுச் செல்கிறேன். கோப்புறை செல்லவில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தறிச்சொல், கடற்சொல், களத்துச்சொல் என்று ஏதேனும் ஒன்று, சொல்லக்கூடியவர் இருக்கும்போதே எழுதப்படுவதற்காகக் காத்திருக்கும். தாள் பலகைக்கு அருகே ஒட்டியிருக்கிறது. அமர்ந்து, முதல் வரியை அடியுங்கள்.